இரவில் அரவமில்லாத கணினி

கொழும்பு மாநகரில் நீதிமன்றங்கள் நிறைந்த பகுதிக்குத் தமிழர் வழங்கும் பெயர் புதுக்கடை. சிங்களவர் அதனை அளுத்கடை என்பர்; இரண்டிற்கும் பொருள் ஒன்றே. ஆங்கிலத்தில் வழங்கும் ஹல்ஸ்டோர்ப் என்னும் பெயரோ, 1656 ஆம் ஆண்டில் கொழும்புக் கோட்டை முற்றுகையின்போது மாண்ட ஒல்லாந்தத் தளபதி ஹுல்ப்ட் என்பவரின் நினைவாக எழுந்தது. நீதிமன்றங்களைச் சுற்றிச் சட்டத்தரணிகளின் அலுவலகங்களும், நொத்தாரிசுமாரின் அறைகளும், எழுத்து வேலை செய்வோரின் சிறு கடைகளும் அடர்ந்துள்ளன. முன்னொரு காலத்தில் இவ்வீதிகளிற் செல்வோர் காதில் இடையறாது விழுந்தது தட்டெழுத்துப் பொறிகளின் ஓசை. காணி உறுதியும், சத்தியக்கடதாசியும், அற்றோணித் தத்துவமும் அப்பொறிகளிலிருந்தே பிறந்தன. இன்று அந்த வேலையைக் கணினி ஏற்றுக்கொண்டது.

தட்டெழுத்துப் பொறி கடையிலேயே இருந்தது. மாலையில் அதனை மூடிவிட்டு வீடு செல்லலாம். கணினியில் நடக்கும் வேலையோ வீடு வரை பின்தொடர்ந்து வருகிறது. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நாளைக் காலை ஒன்பது மணிக்கு வழக்கில் அணைக்கப்பட வேண்டிய உறுதியொன்று இன்று மாலை ஐந்து மணிக்கு அவர் கைக்கு வந்து சேரும். இரவு பதினொரு மணிக்கு வெள்ளவத்தையில் ஓர் அனெக்ஸ் வீட்டிலோ, கொட்டாஞ்சேனையில் ஒரு மேல்மாடி அறையிலோ அவர் அதனை மொழிபெயர்த்துக்கொண்டிருப்பார். அவருடைய மேசையிலிருந்து நாலடி தள்ளிச் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் மேசை. அதற்கப்பால் முதிய தாயாரின் கட்டில். கணினிப் பெட்டிக்குள் சுழலும் விசிறி நிமிடத்துக்கொரு முறை ஊளையிட்டு எழுந்து அடங்குமாயின், தாயாருக்கு உறக்கமில்லை, பிள்ளைக்குப் படிப்பில்லை. மறுமாதம் அந்த இரவு வேலையை அவர் விட்டுவிட வேண்டியதுதான். இரவு வேலையை விட்டால் வீட்டு வாடகைக்கு வேறு வழி தேட வேண்டும். ஆகவே ஓசையில்லாத கணினி என்பது அவர்க்கு ஆடம்பரமான விருப்பமன்று.

அத்தகைய கணினியை உதிரிப் பாகங்களாக வாங்கித் தாமே பூட்டிக்கொள்ள முடியுமா? முடியும். 1981 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணினியின் அமைப்பைப் பிறரும் அறிந்து பின்பற்றக்கூடிய வகையில் வெளியிட்ட நாள் முதலாக, ஒருவர் செய்த பலகையில் மற்றொருவர் செய்த உறுப்பைப் பொருத்தும் வழக்கம் உலகெங்கும் வேரூன்றிவிட்டது. 1995 ஆம் ஆண்டில் இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். என்னும் அளவுத்திட்டம், பெட்டியில் திருகாணித் துளைகள் எங்கே இருக்க வேண்டும் என்பதுவரை நிர்ணயித்துவிட்டது. ஆதலால் ஒரு திருகாணிச் சுழற்றியும் பொறுமையும் உள்ள எவரும் ஒரு பிற்பகலில் கணினியொன்றைப் பூட்டி முடிக்கலாம். பூட்டுதல் எளிது. எதைத் தெரிவது என்பதிலேதான் காசும் அமைதியும் தங்கியுள்ளன.

வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியே சிறிது வடக்கே சென்றால் பம்பலப்பிட்டியில் மஜெஸ்டிக் சிட்டிக்கு அயலில் யூனிட்டி பிளாசா என்னும் கட்டடம் நிற்கிறது. கணினி உறுப்புகளுக்குக் கொழும்பில் பேர்பெற்ற சந்தை அது. அங்கு விற்கப்படும் உறுப்புகள் பிறநாட்டிலிருந்து டொலர் கொடுத்து வருவிக்கப்படுபவை. 2022 ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த ஒரு டொலர், மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு உயர்ந்தது. அதற்கு முன்னர் வாங்கியவரும் பின்னர் வாங்கியவரும் ஒரே பொருளுக்கு எத்துணை வேறான விலை கொடுத்தனர் என்பதை நேயர் எளிதில் ஊகிக்கலாம். 2024 சனவரி முதல் பெறுமதி சேர் வரியும் 18 வீதமாக உயர்ந்தது. இந்நிலையில் தேவையற்ற ஓர் உறுப்பை வாங்குவது வீண்செலவு மட்டுமன்று. கணினியைப் பொறுத்தவரை தேவையற்ற உறுப்பு தேவையற்ற வெப்பமுமாகும். வெப்பத்தை வெளியேற்ற விசிறி வேண்டும். விசிறி சுழன்றால் ஓசை எழும். சிக்கனமும் அமைதியும் ஒரே திசையில் நடப்பது இந்த விடயத்தில் வாங்குவோர் செய்த பாக்கியம் எனலாம்.

ஓசையின் கணக்கைச் சிறிது நோக்க வேண்டும். ஓசையை டெசிபெல் என்னும் அலகால் அளப்பர். இஃது அடிக்கோல் போன்ற அளவன்று. ஒரே அளவு ஓசையுள்ள இரு விசிறிகள் சேர்ந்தால் டெசிபெல் இரட்டிப்பதில்லை. மூன்று மட்டுமே கூடும். பத்து டெசிபெல் கூடினால்தான் மனிதச் செவிக்கு ஓசை இருமடங்கானது போலத் தோன்றும். இதனால் விளைவது யாதெனில், ஐந்து உறுப்புகள் அமைதியாயிருந்து ஒன்று மட்டும் இரைந்தாலும் பெட்டி முழுவதும் இரைவதாகவே தோன்றும். நான்கு விசிறிகளுக்கு உயர்ந்த விலை கொடுத்துவிட்டு ஐந்தாவதை மலிவாக வாங்குபவர் முதல் நான்கிற்கும் கொடுத்த காசை இழந்தவரே.

விசிறியின் இயல்பு இன்னும் வியப்பானது. சுழற்சி வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் காற்றும் பாதியாகக் குறையும். ஓசையோ ஏறத்தாழ 15 டெசிபெல் இறங்கிவிடும். விசிறியின் விட்டத்தைக் கூட்டினாலோ, அது தள்ளும் காற்று விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடும். 80 மில்லிமீற்றர் விசிறியொன்று நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றித் தள்ளும் காற்றை, அதே வடிவுள்ள 120 மில்லிமீற்றர் விசிறி 900 சுற்றுக்குள் தள்ளிவிடும். ஓசை பத்து டெசிபெல்லுக்கு மேல் குறையும். சிறிய விசிறி வேகமாகச் சுழல்வதைக் காட்டிலும் பெரிய விசிறி மெல்லச் சுழல்வதே மேல் என்னும் விதி இதிலிருந்து பிறக்கிறது. அழகான சிறு பெட்டியைக் கண்டு மயங்குவோர் இந்தக் கணக்கை நினைவிற் கொள்வது நன்று.

இனி உறுப்புகளுக்கு வருவோம். முதலில் தெரிய வேண்டியது செயலி. கடையில் புரோசசர் என்று கேட்டாலே கிடைக்கும். மொழிபெயர்ப்பு, கடிதம், கணக்கு, பிள்ளையின் இணையவழிப் பாடம் ஆகியவற்றுக்கு மிகப் பெரிய செயலி வேண்டுவதில்லை. 2022 ஆம் ஆண்டில் வெளிவந்த இன்டெல் கோர் ஐ3-12100 நான்கு கருக்களையுடையது. அதன் அடிப்படை மின்வலு 60 வாற்று. 2021 ஆம் ஆண்டில் வந்த ஏ.எம்.டி. ரைசன் 5 5600ஜி ஆறு கருக்களையுடையது, 65 வாற்று. இரண்டிலும் படங்காட்டும் பகுதி செயலிக்குள்ளேயே அமைந்துள்ளது. அதனால் தனியாக ஒரு கிராபிக்ஸ் அட்டை வாங்க வேண்டியதில்லை. விலை கூடிய உறுப்பொன்று மிச்சம். அதில் பொருத்தப்பட்ட இரண்டு மூன்று விசிறிகளும் மிச்சம். அமைதியான கணினி வேண்டுவோர் செய்யத்தக்க மிகச் சிறந்த காரியம், வாங்காமல் விடும் இந்த ஒன்றே.

இங்கே ஓர் எழுத்தைக் குறித்து எச்சரிக்கை தேவை. இன்டெல் செயலியின் இலக்கத்துக்குப் பின்னால் எவ் என்னும் ஆங்கில எழுத்து நின்றால் அதில் படங்காட்டும் பகுதி இல்லை என்று பொருள். 12100 என்பதும் 12100எவ் என்பதும் பெயரில் ஓரெழுத்து வேறுபாடுடையன. விலையில் பின்னது சற்றுக் குறைவு. அந்தக் குறைந்த விலைக்கு ஆசைப்பட்டு வாங்கியவர், வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் பூட்டி மின்சாரத்தைக் கொடுத்தபின், திரை இருண்டு கிடப்பதைக் கண்டு மீண்டும் பம்பலப்பிட்டிக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்.

செயலியைப் பொருத்தும் தாய்ப்பலகையில் ஆடம்பரம் வேண்டா. ஒவ்வொரு செயலிக் குடும்பத்துக்கும் தனித்தனிப் பொருத்துவாய் உண்டு. மேற்சொன்ன இன்டெல் செயலிக்கு எல்.ஜி.ஏ. 1700, ஏ.எம்.டி. செயலிக்கு ஏ.எம். 4. இவற்றை மாற்றி வாங்கினால் பொருந்தா. மைக்ரோ ஏ.டி.எக்ஸ். எனப்படும் 244 மில்லிமீற்றர்ச் சதுரப் பலகை போதும். ஆயினும் பலகையில் ஒன்றைக் கட்டாயம் கவனித்தல் வேண்டும்: விசிறிகளைப் பொருத்துவதற்கு நாலூசி இணைப்புகள் இரண்டு மூன்றாவது இருத்தல் நலம். மூன்றூசி விசிறியின் வேகத்தை மின்னழுத்தத்தைக் குறைத்தே அடக்க வேண்டும்; சில மலிந்த பலகைகள் அதனைச் செய்யா. நாலூசி விசிறியோ பலகை இடும் கட்டளைக்கேற்பத் தன் வேகத்தைத் தானே அடக்கிக்கொள்ளும்.

ராம் என்னும் நினைவகம் ஓசை செய்யாது. எனவே அதைப்பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. 16 கிகாபைட்டை ஒரே துண்டாக வாங்காமல் எட்டு எட்டாக இரண்டு வாங்கினால், படங்காட்டும் பகுதி செயலிக்குள் இருக்கும் கணினி விரைந்து இயங்கும். 2025 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நினைவகத்தின் விலை உலகெங்கும் கடுமையாக ஏறியது. செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் அதனை வாரிக் கொள்முதல் செய்ததே காரணம். அத்தகைய காலத்தில் எட்டுக் கிகாபைட்டுடன் தொடங்கி, மற்றத் துண்டுக்கு இடம் விட்டு வைப்பதில் இழுக்கில்லை.

அடுத்தது வெப்பம். இங்கேதான் பிறநாட்டார் எழுதும் மதிப்புரைகளைக் கொழும்பு வாசகர் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். அந்தச் சோதனைகள் பெரும்பாலும் 20 அல்லது 22 பாகை வெப்பமுள்ள அறையில் நடப்பவை. கொழும்பில் குளிரூட்டி இல்லாத அறையில் பங்குனி, சித்திரை மாதங்களில் மாலையிலும் 30 பாகை நிற்கும். குளிர்விக்கும் கருவி செயலியை அறைக் காற்றுக்குக் கீழே கொண்டுபோக முடியாது. அறை வெப்பத்தின்மேல் எத்தனை பாகை ஏறும் என்பதையே அது தீர்மானிக்கிறது. வாற்றுக்கு அரைப்பாகை ஏறவிடும் கருவியொன்று 60 வாற்றுச் செயலியின்மேல் இருக்குமாயின், வெப்பம் 30 பாகை கூடும். இலண்டன் மாநகரில் 50 பாகையில் நிற்கும் அதே செயலி வெள்ளவத்தையில் 60 பாகையில் நிற்கும். இதனால் அஞ்ச வேண்டியதில்லை; மேற்சொன்ன இரு செயலிகளும் 90 பாகைக்கு மேலும் தாங்குமாறு செய்யப்பட்டவை. கைவிரலுக்குச் சுடுவது சிலிக்கனுக்கும் சுடும் என்று எண்ணி விசிறியை முழுவேகத்தில் ஓடவிடுவோர் பலர். இல்லாத ஆபத்துக்காக அவர்கள் இருக்கும் உறக்கத்தைக் கெடுத்துக்கொள்கின்றனர்.

செயலியோடு பெட்டியில் இலவசமாக வரும் சிறு கூலர், எழுத்து வேலைக்குப் போதியதே. பிள்ளை இரவில் விளையாட்டுப் பழகினாலோ, ஒலிப்பதிவு, ஒளிப்பதிவு முதலிய பளுவான வேலை நடந்தாலோ, 120 மில்லிமீற்றர் விசிறியுடன் கோபுரம்போல் நிமிர்ந்து நிற்கும் கூலர் ஒன்று வாங்குவது தகும். அதன் செப்புக் குழாய்களைப் பார்ப்போர் அவை திண்மக் கம்பிகள் என்றே நினைப்பர். அவை உள்ளே வெற்றிடமாக்கப்பட்டுச் சிறிதளவு நீர் விட்டு மூடப்பட்டவை. செயலியின் சூட்டில் அந்நீர் ஆவியாகி மேலேறுகிறது. தகடுகளின் குளிர்ச்சியில் மீண்டும் நீராகிக் குழாயின் உட்சுவரில் உள்ள நுண்துளைப் படலம் வழியே திரியில் எண்ணெய் ஏறுவது போல் திரும்பி வருகிறது. அசையும் பாகம் எதுவுமின்றி வெப்பத்தை இவ்வாறு எடுத்துச் செல்வதால், விசிறி மெல்லச் சுழன்றால் போதும். கூலரின் உயரம் பெட்டியின் அகலத்துக்குள் அடங்குமா என்பதை அளவு பார்த்தே வாங்க வேண்டும். பக்கத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் ஓடும் கணினிகள் கொழும்பில் உண்டு.

பெட்டி, அதாவது கேசிங், குறித்து இரு கட்சிகள் உள்ளன. உட்புறம் முழுவதும் பஞ்சு ஒட்டி, முகப்பை மூடி, ஓசையை உள்ளேயே சிறைவைக்கும் பெட்டிகள் ஒரு சாரார்க்குப் பிடித்தவை. குளிர் நாட்டில் அவை நற்பயன் தரும். கொழும்பின் வெப்பத்திலோ காற்று நுழைய வழியில்லாமல் விசிறி வேகமெடுக்கும். பஞ்சு தடுக்கும் ஓசையினும் விசிறி கூடுதலாக எழுப்பும் ஓசை மிகுந்துவிடும். எனவே முகப்பில் கம்பிவலையும், அதன் பின்னே கழற்றிக் கழுவத்தக்க தூசி வடிகட்டியும் உள்ள பெட்டியே இவ்வூருக்கு ஏற்றது. முன்னால் ஒரு 120 அல்லது 140 மில்லிமீற்றர் விசிறி காற்றை உள்ளிழுக்கவும், பின்னால் ஒன்று வெளியேற்றவும் போதும். வண்ண வண்ண விளக்குகளோடு ஆறு விசிறிகள் பொருத்திய பெட்டிகளைக் கடைக்காரர் முன்வரிசையில் அடுக்கியிருப்பார். அவை கண்ணுக்கு விருந்து; காதுக்கு அன்று.

மின்வழங்கியே பலரும் கோட்டைவிடும் இடம். பவர் சப்ளை என்று கடையில் வழங்கும் இவ்வுறுப்பு, 230 வோல்ற்று மின்சாரத்தைக் கணினிக்கேற்ற சிறு அழுத்தங்களாக மாற்றுகிறது. மாற்றும்போது ஒரு பங்கு வெப்பமாக வீணாகும். நூறு வாற்று வேண்டும் கணினிக்கு, 80 வீதத் திறமையுள்ள மின்வழங்கி சுவரிலிருந்து 125 வாற்று இழுத்து 25 வாற்றை வெப்பமாக்கும்; 90 வீதத் திறமையுள்ளது 111 வாற்று இழுத்து 11 வாற்றையே வெப்பமாக்கும். வெப்பம் பாதிக்கும் குறைவானால் அதன் விசிறியும் அதற்கேற்ப அடங்கும். 2004 ஆம் ஆண்டில் தொடங்கிய 80 பிளஸ் என்னும் முத்திரை இத்திறமையைக் காட்டுவது; வெண்கலம், வெள்ளி, பொன் எனப் படிகள் உண்டு. வெண்கலப் படி போதிய அளவு நல்லது. பொன் கிடைத்தால் பெரிதும் நன்று.

ஆனால் முத்திரையைக் காட்டிலும் முக்கியமானது செய்தவர் பெயரும் உத்தரவாதக் காலமும். கேசிங்கோடு சேர்த்து இலவசம்போற் கொடுக்கப்படும் பெயரற்ற மின்வழங்கியின் மேல் 500 வாற்று என்று அச்சிடப்பட்டிருக்கும். அவ்வளவையும் அது தரும் என்பதற்கு அந்த அச்சைத் தவிர வேறு சாட்சியில்லை. கையில் தூக்கிப் பார்த்தாலே அதன் இலேசு தெரிந்துவிடும். அது பழுதாகும்போது தனியே போவதில்லை. தாய்ப்பலகையையும், அதனோடு நாளைக் காலை கொடுக்க வேண்டிய உறுதியையும் சில வேளை உடன் அழைத்துச் செல்லும். அதே வேளை மிகப் பெரிய அளவும் வேண்டா. கிராபிக்ஸ் அட்டை இல்லாத இத்தகைய கணினி எழுத்து வேலையின்போது 30, 40 வாற்றுக்கு மேல் கேட்பதில்லை. நம்பத்தகுந்த 450 வாற்று மின்வழங்கி தாராளம். வெறும் 50 வாற்று மிச்சமானாலும், நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடும் கணினியில் மாதத்துக்கு 15 அலகு மின்சாரம் குறையும். அலகுக் கட்டம் ஏற ஏறக் கட்டணவீதமும் ஏறும் இந்நாட்டில் அது சிறு தொகையன்று.

சேமிப்பகத்தைப் பொறுத்தவரை எஸ்.எஸ்.டி. ஒன்றே தகும். பழைய வன்தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை, அதாவது விநாடிக்கு 120 முறை சுழல்வது. அந்த 120 அதிர்வும் தகரப் பெட்டியையும் மேசையையும் பற்றிக்கொண்டு தாழ்ந்த முரலாக அறை முழுவதும் பரவும்; இரவில் தலையணையில் காதை வைத்தவர்க்கே அது நன்கு கேட்கும். எஸ்.எஸ்.டி.யில் சுழல்வது எதுவுமில்லை. 500 கிகாபைட் அளவு எழுத்து வேலைக்குப் பல்லாண்டு போதும். ஆயினும் வழக்கு ஆவணங்களை ஒரே இடத்தில் வைத்தல் ஆகாது. கையிலுள்ள பழைய வன்தட்டை எறிந்துவிடாமல், வெளியுறையில் இட்டு, வாரமொருமுறை இணைத்துப் படியெடுத்துக் கழற்றி வைத்தால், பகலில் அது முரன்றாலும் பாதகமில்லை.

இவ்வளவையும் புதிதாக வாங்கக் கை கொடாதவர் என் செய்வது? பிறநாட்டு அலுவலகங்களிற் பயன்பட்டுக் கழிந்த டெல், எச்.பி. கணினிகள் துடைத்துப் புதுக்கப்பட்டுக் கொழும்பில் விற்பனையாகின்றன. அலுவலகத்தில் நூறு கணினிகள் ஒருங்கே ஓட வேண்டும் என்பதால் அவற்றை அமைதியாக இயங்கும்படியே அந்நிறுவனங்கள் வடிவமைத்தன. வன்தட்டை மாற்றி எஸ்.எஸ்.டி. இட்டால், புதுக் கணினியின் விலையில் ஒரு பங்குக்கே நல்ல கணினி கிடைத்துவிடும். குறைகள் இரண்டு. மின்வழங்கியும் தாய்ப்பலகையும் பெரும்பாலும் அந்நிறுவனத்தின் தனி அளவிலேயே அமைந்தவை. பழுதானால் பொதுச் சந்தையில் கிடைக்கும் உறுப்பு பொருந்தாது. மற்றது, விண்டோஸ் 10 இற்கு மைக்ரோசொவ்ட் நிறுவனம் வழங்கிவந்த பொதுவான இலவசப் பாதுகாப்பு 2025 ஒக்டோபர் 14 ஆம் நாளோடு முடிவுற்றது. விண்டோஸ் 11 இற்கோ, சில விலக்குகள் நீங்கலாக, இன்டெலின் எட்டாந் தலைமுறைச் செயலியேனும் வேண்டும். ஆறாம், ஏழாந் தலைமுறைக் கணினிகள் மலிந்து கிடப்பதன் இரகசியம் இதுவே. லினக்ஸ் பழகச் சித்தமாயிருப்பவர்க்கு அவை இன்றும் நல்ல கொள்முதல். நீதிமன்றம் கேட்பது கடதாசியில் அச்சான தமிழையன்றி, அதனை அச்சிட்ட மென்பொருளின் பெயரையன்று. மற்றவர் எட்டாந் தலைமுறைக்குக் கீழ் இறங்காமல் இருப்பது உத்தமம்.

கணினியைப் பூட்டி முடித்தபின் காசு செலவின்றிச் செய்யத்தக்க வேலையொன்று எஞ்சியுள்ளது. அதனைப் பலரும் செய்வதில்லை என்பது வருந்தத்தக்கது. தாய்ப்பலகையின் பயோஸ் அமைப்பில் எத்தனை பாகை வெப்பத்துக்கு விசிறி எவ்வளவு வேகம் என்று வரையறுக்கும் கோடு உண்டு. தொழிற்சாலையில் இடப்பட்ட கோடு குளிர்நாட்டு அறைக்கு ஏற்றது. இங்கே செயலி சும்மா இருக்கும்போதே 45 பாகையில் நிற்பதால், ஒரு பக்கத்தைத் திறந்தாலும் வெப்பம் ஒரு கணம் எழும்ப, விசிறி திடுக்கிட்டெழுந்து பின் அடங்கும். மனிதச் செவி ஒரே சீரான ஓசையைச் சிறிது நேரத்தில் மறந்துவிடும் இயல்புடையது. கொழும்பு வீடுகளில் மேல்விசிறி இரவு முழுவதும் சுழல்கிறது; யாரும் அதனால் விழிப்பதில்லை. ஏறியிறங்கும் ஓசையே உறக்கத்தைக் கலைக்கும். எனவே 60 பாகை வரை விசிறி ஒரே தாழ்ந்த வேகத்தில் நிற்குமாறும், அதற்குமேல் மெல்ல ஏறுமாறும், வேகம் மாறுவதற்குச் சில விநாடி தாமதிக்குமாறும் அமைத்தல் வேண்டும். மேல்விசிறி சுழலும் அறையில் உலகிலேயே அமைதியான கணினிக்காக மேலும் இருபதினாயிரம் ரூபா செலவிடுவதும் இதே காரணத்தால் வீண்; மேல்விசிறியின் ஓசைக்குக் கீழே சீராக நின்றுவிட்டால் அதற்கப்பாலான வேறுபாட்டைக் கேட்பார் இல்லை.

மின்சாரத் தடையையும் நினைக்க வேண்டும். 2022 மார்ச் 31 ஆம் நாள் இலங்கையில் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு நடைமுறையிலிருந்தது. 2025 பெப்ரவரி 9 ஆம் நாள் பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதால் நாடு முழுவதும் இருண்டது எனப் பொறுப்பான அமைச்சர் கூறினார். இவை பெருந்தடைகள். சித்திரையிலும் ஐப்பசியிலும் இடியோடு வரும் சிறு தடைகளே எழுதுவோர்க்கு அன்றாடத் துன்பம். 650 வீ.ஏ. அளவுள்ள யூ.பி.எஸ். ஒன்று, இத்தகைய சிறு கணினியையும் திரையையும் வேலையைச் சேமித்து அணைக்கப் போதிய நேரம் தாங்கும். அதில் ஓசை எழுப்பும் குழல் ஒன்று உண்டு. மின்சாரம் நின்றவுடன் நள்ளிரவில் அது கூவத் தொடங்கினால் இதுவரை தேடிய அமைதி அனைத்தும் பாழ். அதனை அடக்கும் பொத்தான் உள்ளதா என்று வாங்கும்போதே கேட்டறிவது நன்று. அதனுள் இருக்கும் ஈய மின்கலம் வெப்பத்துக்கு அஞ்சுவது. 25 பாகைக்கு மேல் ஏறும் ஒவ்வொரு எட்டு, பத்துப் பாகைக்கும் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். ஆகவே கணினியின் சூடான காற்று வெளிவரும் பின்புறத்தில் அதனை வைக்கலாகாது.

கடலோரத்தில் வாழ்வோர்க்கு இறுதியாக ஒன்று. வெள்ளவத்தையில் மேற்கு யன்னலைத் திறந்தால் உப்புக் காற்றும், கிழக்கு யன்னலைத் திறந்தால் காலி வீதித் தூசியும் வரும். இரண்டும் சேர்ந்து கூலரின் தகடுகளுக்கிடையே ஈரமான படையாக ஒட்டிக்கொள்ளும். காற்று நுழையாதபோது விசிறி வேகமெடுக்கும். புதிதாக வாங்கியபோது அமைதியாயிருந்த கணினி ஓராண்டில் இரையத் தொடங்குவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். பெட்டியை நிலத்தில் வையாது மேசையிலோ சிறு பலகையிலோ வைத்து, மூன்று மாதத்துக்கொருமுறை மின்சாரத்தை நிறுத்தி, வடிகட்டியைக் கழுவி நன்கு உலர்த்தி, தகடுகளை மென்மையான தூரிகையால் துடைத்தல் வேண்டும். காற்றூதும் கருவியைப் பயன்படுத்துவோர் விசிறியின் இதழை ஒரு விரலால் பிடித்துக்கொண்டே ஊத வேண்டும். பிடிக்காமல் ஊதினால் விசிறி அளவுக்கு மீறிச் சுழன்று அதன் தாங்கி கெடும், பின்னர் எந்த வேகத்திலும் அது கரகரக்கும்.